எத்தனை துண்டு, எத்தனை மணிக்கு? தீபாவளிப் பலகாரம் பற்றி வாசகர் கேள்விகள்

தீபாவளிப் பலகாரத்தையும் குழந்தைகளையும் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு குழந்தை நல மருத்துவர், பல் மருத்துவர், உணவியல் வல்லுநர் மூவரும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. தீபாவளியன்று காலை முதல் ராத்திரி வரை எதையாவது மென்றுகொண்டே இருக்கிறார்கள். "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைகளைத் தடுக்காதே" என்கிறார் மாமியார். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு கொடுக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தடுக்க வேண்டாம். நேரம் மட்டும் வகுத்துவிடுங்கள்.

முதலில் அளவு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. அது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

இனி உங்கள் சமையலறைக் கணக்கு. மைசூர்பாகுக்கு ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கப் சர்க்கரை 400 கிராம். தட்டில் கொட்டி 25 துண்டு போட்டால் ஒரு துண்டில் 16 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டி. கூடவே ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி நெய். இரண்டு துண்டு சாப்பிட்டாலே அன்றைய அளவு தாண்டிவிடும். அதே தட்டை 50 துண்டாகப் போட்டால் ஒன்றில் 8 கிராம்தான். குழந்தை எண்ணுவது துண்டைத்தான், கிராமை அல்ல. "எனக்கு மூணு கிடைச்சுது" என்ற சந்தோஷம் சின்னத் துண்டிலும் அப்படியே இருக்கும். எந்தப் பலகாரத்துக்கும் இதே வழிதான்: போட்ட சர்க்கரையின் மொத்த எடையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள், வந்ததை நான்கால் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு.

சர்க்கரையைக் குறைத்தே செய்யலாமே என்று தோன்றும். எல்லாவற்றிலும் அது நடக்காது. மைசூர்பாகு கட்டிப்படுவதே கம்பிப் பதப் பாகினால்தான். சர்க்கரையைக் குறைத்தால் வில்லை போட வராமல் நெய்யில் ஊறிய மாவாக நிற்கும். பூந்தி லட்டில் பாகு குறைந்தால் உருண்டை உதிரும். அதிரசத்தில் வெல்லம் குறைந்தால் கல்லாகிவிடும். இவற்றில் கை வைக்காமல் உருவத்தை மட்டும் சிறிதாக்குங்கள்: எலுமிச்சை அளவு லட்டை நெல்லிக்காய் அளவுக்கு. மாலாடு, பயத்தமாவு உருண்டை, ரவா லட்டு ஆகியவை நெய்யால் பிடிப்பவை. அவற்றில் சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் உருண்டை நிற்கும், ருசியும் கெடாது. ரவா லட்டைப் பால் தெளித்துப் பிடிக்கிறவர்கள் மட்டும் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடுத்து நேரம். எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு வெறும் வயிற்றில் லட்டைக் கொடுப்பதுதான் நாளையே கெடுக்கிறது. சாமிக்குப் படைத்ததில் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, இட்லியை வையுங்கள். பல வீடுகளில் தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் என்பது வழக்கம். குழந்தைக்கு அது நல்ல ஏற்பாடு. சைவ வீடுகளில் சாம்பாரோ கடப்பாவோ அந்த இடத்தை நிரப்பும். வயிறு நிறைந்த பிறகு இனிப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு முறை, அவ்வளவுதான். பலகாரத் தட்டு கூடத்து மேசையில் திறந்து கிடக்க வேண்டாம். சம்புடத்தில் போட்டு அலமாரியில் வைத்து, நேரம் வந்ததும் நீங்களே எடுத்து வையுங்கள். கண்ணில் படும்படி வைத்துவிட்டு "தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஆசைதான் வளரும்.

இன்னொன்று. "சாதம் முழுக்கச் சாப்பிட்டால் லட்டு" என்று பேரம் பேசாதீர்கள். சாதம் தண்டனை, லட்டு பரிசு என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். சாதம் மிச்சம் வைத்தாலும் நேரத்துக்குரிய அந்தச் சின்னத் துண்டைக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: போன தீபாவளி முடிந்து சில மாதத்தில் மகளுக்கு இரண்டு பற்கள் சொத்தை. ஆறு வயதுதான். இனிப்பு அதிகமானதால்தானே? ஃப்ளோரைடு பேஸ்ட் போடலாமா? எங்கள் பக்கம் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் என்கிறார்கள்.
– வாசகர், தருமபுரி

பதில்: ஒரு தீபாவளி மட்டும் சொத்தையை உண்டாக்காது. ஆனால் அன்றைக்குத் தொடங்கிய கொறிக்கும் பழக்கம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் உண்டாக்கும்.

பல்லின் மேல் படியும் பாசியில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் வெளியிடுகின்றன. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே அமில அளவு பல்லின் எனாமலைக் கரைக்கும் எல்லையைத் தாண்டிவிடும். உமிழ்நீர் அதைச் சமன் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும். நான்கு ஜாங்கிரியை ஒரே மூச்சில் தின்றால் பல்லுக்கு ஒரு அரை மணித் தாக்குதல். அதே நான்கை மணிக்கொன்றாகத் தின்றால் நான்கு தாக்குதல், மொத்தம் இரண்டு மணி நேரம். வயிற்றுக்கு முதல் வழி நல்லதல்ல, ஒப்புக்கொள்கிறோம். பல்லைப் பொறுத்தவரை எத்தனை தின்றாள் என்பதைவிட எத்தனை தடவை வாயைத் திறந்தாள் என்பதுதான் பெரிது.

1940-களில் ஸ்வீடனில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளோர் காப்பகம் ஒன்றில் இருந்தவர்களுக்கு ஒட்டும் டாஃபியைக் கொடுத்துச் சோதித்தார்கள். அறநெறிப்படி செய்திருக்கவே கூடாத ஆய்வு அது. ஆனாலும் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற இனிப்பைவிட, இடையிடையே தின்ற ஒட்டும் இனிப்பே பல்லை அழித்தது என்பது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்ற வழக்கம் அந்த நாட்டில் இன்றும் உண்டு.

ஒட்டுவது எதுவோ அதைக் கவனியுங்கள்: கமர்கட்டு, எள்ளுருண்டை, தேன்மிட்டாய், டாஃபி, ஜெல்லி. முறுக்கும் தட்டையும் உப்புதானே என்று விட்டுவிடுகிறார்கள். கடைவாய்ப் பல்லின் குழியில் அந்த மாவு பசையாக அப்பிக்கொள்ளும். வாயில் அதுவும் சர்க்கரையாக மாறும். பலகாரம் தின்றதும் ஒரு வாய்த் தண்ணீர் கொப்புளிக்கச் சொல்லுங்கள். புளிப்பு மிட்டாய் தின்றிருந்தால் உடனே பிரஷ் வேண்டாம். அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும். அரை மணி கழித்துத் தேய்க்கலாம்.

இரவுத் தேய்ப்புதான் முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், பட்டாசு வெடித்த களைப்பில் பல் தேய்க்காமல் உறங்குகிற குழந்தைக்கு விடியும்வரை பாதுகாப்பே இல்லை. பேஸ்ட்டின் அளவு: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. தேய்த்த பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்புளிக்க வேண்டாம். பல்லில் தங்கும் ஃப்ளோரைடுதான் வேலை செய்கிறது. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் கூட நின்று தேய்த்துவிட வேண்டும்.

உங்கள் மாவட்டத்துக் கவலை நியாயமானது. பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்தால்தான் பல்லில் பழுப்புத் திட்டுகள் வருகின்றன. போர் தண்ணீரை விட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துங்கள். மகளுக்குத் துப்பத் தெரிந்திருந்தால் பட்டாணி அளவு பேஸ்ட்டால் கெடுதல் இல்லை. விழுங்குகிற பழக்கம் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். சொத்தையான பல் பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். அடியில் காத்திருக்கும் நிலைப்பல்லையும் அது பாதிக்கும்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போட்டால் குழந்தைகள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்தானே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். தேனும் இந்தக் கணக்கில்தான் சேரும். வெல்லத்தில் சிறிது இரும்புச்சத்து உண்டு. அதற்காக ஒரு குழந்தை தின்ன வேண்டிய வெல்லத்தை நினைத்தால் முருங்கைக்கீரையே மேல். ருசிக்காகக் கருப்பட்டி போடுங்கள், உங்கள் ஊர்க் கருப்பட்டியின் மணம் வேறு எதற்கும் வராது. அளவு மட்டும் முன்பு சொன்னதுதான்.

கேள்வி: பத்து வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். எடை 30 கிலோ. சென்ற ஆண்டு எல்லாரும் சாப்பிடும்போது அவள் மட்டும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டாவது கொடுக்க வழி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. இந்த ஆண்டு அவள் அழ வேண்டியதில்லை.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு இனிப்பு விலக்கப்பட்ட பண்டம் அல்ல, கணக்கில் சேர்க்க வேண்டிய மாவுச்சத்து. மேலே சொன்ன மைசூர்பாகையே எடுத்துக்கொள்வோம். 50 துண்டாகப் போட்டதில் ஒன்றில் 8 கிராம் சர்க்கரை, கடலை மாவிலிருந்து ஒரு கிராம் சொச்சம். ஆக 9 கிராம். 25 துண்டாகப் போட்டால் 18. எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று உங்கள் மருத்துவர் ஒரு விகிதம் கொடுத்திருப்பார். அது 15-க்கு ஒன்று என்றால், சின்னத் துண்டுக்கு 0.6 யூனிட், இட்லிக்கான கணக்கோடு கூட்டிச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும். (15 என்பது உதாரணத்துக்குத்தான், உங்கள் மகளின் விகிதம் வேறாக இருக்கலாம். விகிதமே தரப்படவில்லை என்றால் பண்டிகைக்கு முன் ஒரு நாள் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) இனிப்பைத் தனியாக அல்ல, சாப்பாட்டின் முடிவில் கொடுங்கள்.

நெய் அதிகமுள்ள பலகாரம் ஒரு சிக்கல் செய்யும். கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் பார்க்கும் அளவு சரியாக இருக்கும். மூன்று, நான்கு மணி நேரம் கழித்து ஏறும். அன்று கூடுதலாக ஒரு முறை குத்திப் பாருங்கள், தூங்கும் முன்னும் பாருங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இறக்கம். விடியற்காலையில் எழுந்து, தெருவில் ஓடியாடி, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம் என்று தெரியும். அப்போது பலர் கையில் அகப்பட்ட லட்டையோ சாக்லேட்டையோ கொடுக்கிறார்கள். அது தவறு, நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொடிதான் வேண்டும், எடையில் கிலோவுக்கு 0.3 கிராம். உங்கள் மகளுக்கு 9 கிராம், தண்ணீரில் கரைத்து. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை. 9 கிராம் பொட்டலமாக நான்கைந்து மடித்து, ஒன்றைப் புதுச்சட்டைப் பையிலேயே போட்டுவிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் ஊசி (ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் மருந்து) வீட்டில் இருந்தால் போட்டு, 108-ஐ அழையுங்கள்.

டைப் 1 குழந்தை பண்டிகை நாளில் வாந்தி எடுத்தால் "அஜீரணம்" என்று சுக்குக் கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள். இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறியதாலும் வாந்தி வரும், வயிறு வலிக்கும். சர்க்கரையும் கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது சேரும் அந்த அமிலப் பொருள்) பாருங்கள். கீட்டோன் தெரிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ நேரே மருத்துவமனை. சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

கேள்வி: கடையில் வாங்கிய பால் இனிப்பு சாப்பிட்டு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் வாந்தி. பெட்டியில் நாற்றம் எதுவும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, வேலூர்

பதில்: மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. செய்பவரின் கையிலிருக்கும் புண், மூக்குச் சளி வழியாக ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பால்கோவா, கலாகந்த் போன்றவற்றில் சேரும். பண்டிகை நெரிசலில் வெளியிலேயே அடுக்கி வைத்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். மணமோ ருசியோ மாறாது. திரும்பச் சூடாக்கினாலும் கிருமி சாகும், நஞ்சு சாகாது. தின்ற அரை மணியிலிருந்து எட்டு மணிக்குள் வாந்தி தொடங்கும்.

தட்டில் அடுக்கி விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிவரை உண்ணலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அட்டை இல்லாத தட்டிலிருந்து பால் இனிப்பு வாங்காதீர்கள். வாங்கியதை ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடியுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பெட்டி எப்போது வாங்கியது என்று தெரியாது, அதைக் குழந்தைக்கு வைக்க வேண்டாம். நீர் குறைந்த மைசூர்பாகு, லட்டு, சோன்பப்டி ஆகியவற்றில் இந்த ஆபத்து மிகக் குறைவு. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தையும் தவிருங்கள்: துணிச்சாயமான ரோடமின்-பி இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமேற்றிய பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது.

வாந்தி வந்துவிட்டால், பத்து நிமிடம் வயிற்றுக்கு ஓய்வு. பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு தேக்கரண்டியாக, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. தாகத்தில் டம்ளரோடு குடிக்க விட்டால் அப்படியே வெளியே வரும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கரையுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். பழரசம்போல் இனிக்கும் அட்டைப்பெட்டி பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல, சர்க்கரை மிகுதியால் பேதியைக் கூட்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

கேள்வி: இனிப்பு தின்றால் பையன் துள்ளுகிறான். சர்க்கரை தலைக்கேறுகிறதா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1995-இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரையும், சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றவில்லை என்றே சொன்னது. நாலு மணிக்கு எழுந்தது, பட்டாசு, வீடு நிறைய அத்தை பிள்ளைகள். யாராக இருந்தாலும் துள்ளுவார்கள். மதியம் ஒரு மணி நேரம் தூங்க வையுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரனுக்குச் சீடை, முந்திரி கொடுக்கலாமா? தீபாவளி லேகியம்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: சீடை, முழு முந்திரி, வேர்க்கடலை, கமர்கட்டு, ஜெல்லி மிட்டாய் எதுவும் ஐந்து வயதுவரை வேண்டாம், பாட்டி. கடைவாய்ப் பல் முழுதாக வராத குழந்தையால் இவற்றை அரைக்க முடியாது. சிரிக்கும்போதும் ஓடும்போதும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முந்திரியைப் பொடித்துச் சர்க்கரை போடாத கஞ்சியில் சேருங்கள், முறுக்கைப் பாலில் ஊற வையுங்கள்.

அடைத்துக்கொண்டால்: இருமுகிறான் என்றால் இரும விடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால், பின்னாலிருந்து தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, பிறகு தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம், மாறி மாறி. ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் தலை தாழக் குப்புறப் போட்டு ஐந்து தட்டு, மல்லாக்கப் போட்டு நெஞ்செலும்பின் நடுவே ஐந்து அழுத்தம். வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கடலை தின்னும்போது திடீரென்று இருமி, பிறகு அமைதியாகி, சில நாள் கழித்து வீசிங் வந்தால் அந்தக் கடலை நுரையீரல் குழலில் உட்கார்ந்திருக்கலாம். கடலை எக்ஸ்-ரேயில் தெரியாது. "கடலை தின்றபோது இருமினான்" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் குழல் விட்டுப் பார்க்க முடிவெடுப்பார்.

லேகியம் இப்போது வேண்டாம். மிளகு, திப்பிலிக் காரம் இந்த வயதுக்குத் தாங்காது, வெல்லமும் உண்டு. மூன்று வயதுக்கு மேல் சுண்டைக்காய் அளவு போதும். தேன் சேர்த்த எதையும் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் நாக்கில் தடவவே கூடாது, பொட்டுலிசம் என்ற நரம்பை முடக்கும் நோய் வரலாம்.

கேள்வி: இங்கே ஹாலோவீனும் (பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள்) தீபாவளியும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. 2024-இல் ஊரில் தீபாவளியும் இங்கே ஹாலோவீனும் ஒரே அக்டோபர் 31. பிள்ளைகள் பை நிறைய மிட்டாய் கொண்டு வருகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வீடு வீடாகக் கிளம்பும் முன் வயிறார இரவுச் சாப்பாடு. திரும்பியதும் பையைத் தரையில் கொட்டிப் பிரியுங்கள்: பிரிந்த உறை இருந்தால் குப்பைக்கு, சின்னக் குழந்தை இருந்தால் கெட்டி மிட்டாய் தனியே, கடலை அல்லது முந்திரி ஒவ்வாமை இருந்தால் உறையில் உள்ள பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகுதான். முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. ஊரிலிருந்து வந்த கத்லிக்கும் இது பொருந்தும். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்த வீடுகளில் மிட்டாய் அல்லாத பொம்மை, ஸ்டிக்கர் கிடைக்கும்.

மீந்ததில் பிள்ளைக்குப் பிடித்த பதினைந்து, இருபதை அவளே பொறுக்கட்டும். நாளுக்கு ஒன்றாக, சாப்பாட்டோடு. அந்த இரவில் மிட்டாயைவிடப் பெரிய ஆபத்து கார்தான். கறுப்பு உடை போட்டிருந்தால் முதுகிலும் பையிலும் ஒளிரும் டேப் ஒட்டி, கையில் டார்ச் கொடுத்து அனுப்புங்கள்.